ஒன்பது பேர்தான் என்று எழுதிவிட்டேன்

செத்துப்போன ஒரு ஜெர்மன் பிரபுவிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி? உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவசரம்.

விளையாட்டில்லை சார். ஆறு வருஷமாக அந்த மனுஷரைப் புளுகர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அடிக்குறிப்பெல்லாம் போட்டு, ஆதாரத்தோடு! போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துபாய் கராமாவில் ஒரு ஹோட்டலில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில்தான் தெரிந்தது... புளுகியது அவர் இல்லை, நான்.

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே, உடம்புக்கு முடியவில்லையா என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. மனசுதான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. முதலிலிருந்து சொல்கிறேன்.

துபாயில் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் நான் டாக்குமென்ட் கன்ட்ரோலர் என்பது உங்களுக்குத் தெரியும். டிராயிங் வரும், போகும், நம்பர் போட்டு அடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எங்கள் சைட்டில் இருந்த ஜெர்மன் இன்ஜினீயர் ஒருவர், ஊருக்கு மூட்டை கட்டும்போது ஓர் அட்டைப்பெட்டி நிறைய சிடிக்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தனையும் பதினெட்டாம் நூற்றாண்டு அரண்மனைச் சங்கீதம். கேட்கக் கேட்க, சங்கீதத்தைவிட அதை வாசித்த ஆட்கள்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. யார் இவர்கள்? எங்கே தூங்கினார்கள்? என்ன சாப்பிட்டார்கள்? ஊருக்குப் போக லீவு கேட்டால் பிரபு கொடுத்தாரா? இருபது வருஷமாக வளைகுடாவில் இருக்கிறவனுக்கு இந்தக் கேள்விதானே முதலில் வரும்!

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். நாற்பத்தைந்து வயதில். அன்றைக்கே ரூமில் எல்லாரும் 'டாக்டர்' ஆக்கிவிட்டார்கள் — "டாக்டர், சிங்க்ல உங்க தட்டு கிடக்குது, கழுவிட்டுப் போங்க." திருச்சியில் இருக்கும் என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. சி.ஏ. பாதியில் விட்டேன், டைப்ரைட்டிங் ஹையர் பாதியில் விட்டேன், கிதார் கிளாஸ் மூன்றே வாரம்... எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"எதையாவது ஒண்ண முடிச்சுக் காட்டுங்க, பாப்போம்" என்றாள்.

முடித்துக் காட்டத்தான் சார் கிளம்பினேன். ஜெர்மன் படித்தேன். அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படிக்கப் பழகினேன். கோழி கிண்டின மாதிரி இருக்கும். ஒரு வருஷம், ஊருக்குப் போக வேண்டிய லீவில் ஊருக்குப் போகாமல் ஜெர்மனிக்கே போனேன். அந்தச் சின்னஞ்சிறு சமஸ்தானத்தின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும், விடுங்கள். அதன் ஆவணக் காப்பகத்தில் பத்து நாள் உட்கார்ந்தேன். மனைவி அந்த வருஷம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. நியாயம்தான்.

அங்கே ஒரு கடிதம் கிடைத்தது. பிரபு தன் மைத்துனருக்கு எழுதியது. என் இசைக்குழுவில் இப்போது இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பெருமையடித்திருந்தார். அப்புறம் அரண்மனை ஊழியர் பட்டியலும் கிடைத்தது. துறைவாரியாகப் பெயர், பதவி, யார் யாருக்கு என்ன துணி, என்ன சாமான் கொடுத்தார்கள் என்ற விவரம். இசைக்கலைஞர்கள் என்ற தலைப்பின் கீழே எண்ணினேன். ஒன்பது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஒன்பதேதான்.

அடி சக்கை! அகப்பட்டுக்கொண்டார் பிரபு என்று துள்ளினேன். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு என்று மைத்துனரிடம் அளந்திருக்கிறார். உள்ளூரில் நாம் பார்க்காத மைத்துனர் சவடாலா? குட்டி அரசர்களின் பீற்றல் என்று முழு தீஸிஸையும் அந்த ஒன்பதின்மேல் கட்டினேன். பட்டியலில் மிச்சப் பக்கங்களும் இருந்தன... ஏவலாட்கள், வேட்டைக்காரர்கள், சமையல்கட்டு ஆட்கள். சங்கீதத்துக்கும் சமையல்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? மேலோட்டமாகப் புரட்டிவிட்டு மூடினேன். போட்டோகூட எடுக்கவில்லை.

என் கைடு பத்மா மேடத்துக்கு அந்த அத்தியாயம் ரொம்பப் பிடித்துவிட்டது. பதிவுக்காலம் போன மாதக் கடைசியோடு முடிய இருந்தது. சப்மிட் பண்ணுவது மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் பாலு பஸ் பிடித்து வந்தார்.

பாலு மன்னார்குடிப் பக்கம். வயது நாற்பது இருக்கும். ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் வேலை. இந்தப் பத்தியைப் படித்துவிட்டு போன் செய்து பழக்கமானவர். நாகஸ்வரம் வாசிப்பார் என்று தெரியும். ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மூலம் அவருக்குச் சீவாளி — நாகஸ்வரத்தின் வாயில் செருகுகிற நாணல் துண்டு — வரவழைத்து வைத்திருந்தேன். அதை வாங்கிப்போகத்தான் வந்தார். ரெண்டு மீல்ஸ் சொன்னேன்.

"ஆமா பாலு, கேம்ப்ல உக்காந்து இத ஊதினா பக்கத்து ரூம்காரன் அடிக்க வர மாட்டானா?" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"என்னண்ணே இப்புடி கேட்டுட்டீங்க! கம்பெனி என்னைய எடுத்ததே இதுக்குத்தானே!"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "இன்டர்வியூல மொதல்ல மூட்டையத் தூக்கச் சொன்னாங்க. தூக்குனேன். வேற என்ன தெரியும்னாங்க. நாயனம் வாசிப்பேன்னேன். எங்க மொதலாளி கேரளாக்காரரு, கோயில் குளம்னா உசுரு. உடனே ஓகே பண்ணிட்டாரு. தவுலுக்கு ரெண்டு பேரு, நாயனத்துக்கு நானும் இன்னொருத்தரும், தாளத்துக்கு சூளைல நிக்கிறவரு ஒருத்தரு. மொதலாளி வூட்டு விசேசம், கம்பெனி பூஜை, ஓணம் எல்லாத்துக்கும் நாங்கதான். பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. 'எங்க கம்பெனி செட்டு'ன்னு எங்கள நிக்க வெச்சு பெருமையாக் காட்டுவாரு."

"அப்ப விசால வித்வான்னு போட்டிருக்காங்களா?"

பாலுவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "லோடர்ண்ணே! நாயனம், தவுலு எல்லாமே லோடருதான். வாசிச்சு முடிச்சதும் யல்லா யல்லான்னு வெரட்டி வண்டில ஏத்தி டூட்டிக்குக் கொண்டாந்து விட்டுருவாங்க. ஏன், உங்களுக்கு என்ன போட்டுருக்கு?"

"கார்பென்டர்" என்றேன்.

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினேன். அது தட்டைத் தாண்டி மேஜையில் ஓடி என் பேன்ட்டை நனைத்தது. நான் அசையவில்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். கம்பெனியிடம் எந்தப் பதவியில் விசா காலியாக இருக்கிறதோ, அதில்தான் பலரும் இங்கே வந்து இறங்குகிறோம். நான் வந்தபோது கார்பென்டர் விசா இருந்தது. உளியைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் இருபது வருஷமாக, அடையாள அட்டையில் நான் தச்சன்.

அந்தப் பத்து நாளில் நான் மூடிவிட்டுப் போன பக்கங்களில் ஒரு வரி இப்போது ஞாபகம் வந்தது. சமையல்கட்டு ஆள் ஒருவன் பெயருக்கு நேரே, 'வயலின் தந்தி, இரண்டு கட்டு' என்று எழுதியிருந்தது. கடைக்கு வாங்கிவர அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அட மடையா! சமையல்கட்டில் தந்தி எதற்கு? தேங்காய் துருவவா?

"என்னண்ணே, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" பாலு பயந்துபோய் எழுந்துவிட்டார்.

"இல்ல பாலு. தீஸிஸ் போச்சு."

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதெப்புடிண்ணே பேப்பர்ல இருக்குறத நம்புனீங்க? நீங்களே கார்பென்டரு!" என்றார்.

இந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியராவது கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன்.

அன்று மாலையே பத்மா மேடத்துக்கு போன் செய்தேன். விவரம் முழுக்கச் சொன்னேன். "சின்ன அரண்மனைகள்ல பந்தி பரிமாறுறவரே வயலினும் வாசிப்பார். அது தெரிஞ்ச விஷயந்தான். அந்தப் பக்கங்களைப் பாத்துட்டுத்தான் நீங்க விட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். கேக்கத் தோணலை. தப்பு என் பேர்லயும் இருக்கு" என்றார்.

மிச்சம் பதின்மூன்று பேர் அந்தப் பக்கங்களில் இருந்தார்களா? இருந்திருக்கலாம். நிரூபிக்க அந்தப் பக்கங்கள் வேண்டுமே! காப்பகத்துக்கு மெயில் போட்டேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. கட்டடத்தில் மராமத்து நடக்கிறது, ஆவணங்களைக் கட்டி வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டோம், இரண்டு வருஷத்துக்கு யாரும் பார்க்க முடியாது, வருந்துகிறோம்.

சரி, இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்போம் என்றார் மேடம். விண்ணப்பம் போட்டேன். நான் பதிவு செய்த காலத்தில் கம்பெனி லெட்டர் போதும். இப்போது, வேலை பார்க்கும் நாட்டின் அடையாள அட்டை நகலும் வேண்டுமாம். அனுப்பினேன். நான்கு நாள் கழித்து பல்கலைக்கழக செக்‌ஷனிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"சார், ரெஜிஸ்ட்ரேஷன்ல டாக்குமென்ட் கன்ட்ரோலர்னு குடுத்திருக்கீங்க. கார்டுல கார்பென்டர்னு இருக்கே?"

"அது விசாவுல மட்டும் சார். பாக்குற வேலை வேற."

"அப்ப எது சார் நிஜம்?"

"டாக்குமென்ட் கன்ட்ரோலர்தான் சார் நிஜம். கம்பெனி லெட்டர் வெச்சிருக்கேனே!"

"லெட்டர் யார் வேணா அடிச்சுக் குடுப்பாங்க சார். எங்களுக்குக் கார்டுல என்ன இருக்கோ அதுதான் ரெக்கார்டு."

கெஞ்சினேன். கம்பெனியில் பதவியை மாற்றித்தரச் சொல்லிக் கேட்டேன். அடுத்த வருஷம் விசா புதுப்பிக்கும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். விவரங்கள் முரண்படுவதால் நீட்டிப்பு இல்லை என்று இரண்டே வரியில் மெயில் வந்தது. அந்த செக்‌ஷன்காரர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எப்படி வரும்? ஆறு வருஷமாக நான் செய்த காரியத்தைத்தான் அவர் ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்திருக்கிறார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. இருக்கிறபடியே கொடுத்துவிடுவது.

"இப்படியே சப்மிட் பண்ணா பாஸ் ஆயிடும். எக்ஸாமினர்ஸ் யாருக்கும் இவ்வளவு உள்ள போய்ப் பாக்க நேரமிருக்காது. ஆனா உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முடிவு உங்களோடது" என்றார் மேடம்.

மனைவி இவ்வளவு யோசிக்கவில்லை. "குடுத்துத் தொலைங்க. அந்தப் பிரபு எந்திரிச்சு வந்து கேஸ் போடப் போறாரா?" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? ஆறு வருஷம் சார்! ஒரு முழு லீவைத் தின்றது இந்தத் தீஸிஸ். பெயருக்கு முன்னால் ஒரு 'டாக்டர்' வந்தால் அவளும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள் இல்லையா?

கடைசி நாள். மதியமே ஆபீஸில் சொல்லிவிட்டு ரூமுக்கு வந்தேன். லேப்டாப்பைத் திறந்தேன். எல்லாம் தயாராக இருந்தது, ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். 'இந்த அரண்மனையில் இருந்தவர்கள் ஒன்பது இசைக்கலைஞர்கள் மட்டுமே' என்ற வரி திரையில் நின்றது. நானே எழுதியது. அந்த 'மட்டுமே'யைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சென்னையில் அலுவலகம் மூடுகிற நேரமும் தாண்டிவிட்டது.

நேர்மை, கொள்கை என்றெல்லாம் தயவுசெய்து பாராட்டி எழுதாதீர்கள். அப்படி ஒன்றுமில்லை. கை போகவில்லை. ஐம்பத்தொரு வயது ஆள், பட்டப்பகலில், பங்க் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். மேல்தட்டில் நைட் டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, ஒன்றும் கேட்காமல், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி ஏறிப் படுத்துக்கொண்டார். மனைவிக்கு போன் செய்து சொன்னேன். 'இதுவும் பாதிதானா' என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி விடுங்க, சாப்ட்டீங்களா?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. முந்தாநாள் பாலு போன் செய்தார். பின்னணியில் ஒரே சத்தம். செட்டு மொத்தமும் போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்தது.

"அண்ணே, உங்க கதைய நம்ம ஆளுங்ககிட்ட சொன்னேன். வேலைக்காரன்னு எழுதி வெச்சுட்டு வாசிக்க விட்டாங்களே, அந்தப் பதிமூணு பேரு. தவுல்காரரு கேக்குறாரு... அவுங்க பேரெல்லாம் என்னண்ணே?"

"அந்த ஒம்பது பேரு பேரும் எனக்கு மனப்பாடம் பாலு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"அது இல்லண்ணே. இவுங்க பேரு?"

"தெரியல பாலு. நான் எழுதிக்கல."

பாலு அதை அப்படியே செட்டுக்குத் திருப்பிச் சொன்னார்.

"பேரு கூடவாண்ணே?" என்றார்.