அமெரிக்காவின் அப்புக்காத்து

நண்டை மல்லாக்கப் பிடித்து, வயிற்றோட்டின் ஓரத்தில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார் மாக்கிறேற் அக்கா. ஓடு கல் மாதிரி நின்றால் அது கூடைக்குள் போகும். கொஞ்சம் உள்வாங்கினாலும் அது தண்ணி நண்டு. உள்ளே சதை இராது, உப்புத் தண்ணீர்தான் இருக்கும். அதைக் காலடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். ஊர்காவற்றுறைக் கரையில் காலை வேளையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்கள் பலர் உண்டு. ஒவ்வொரு நண்டையும் இப்படிச் சோதனை போடுகிறவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் நல்ல நண்டுகளுக்கு அடியில் இரண்டு தண்ணி நண்டைச் செருகிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அது ஆற்ர வாய்க்குப் போகுது எண்டு தெரியுமே உங்களுக்கு?" என்று அக்கா அவர்களை அதட்டுவார். "அமெரிக்காவுக்குப் போற சாமான். அங்க ஒரு நீதவான் ஹோட்டலுக்குப் போய் ஆசையா நண்டு கேக்கிறான் எண்டு வையுங்கோ. வாயில வைச்சா வெறும் தண்ணி. அடுத்த நாள் அவன்ர மேசையில என்ர பிள்ளையின்ர கேஸ் வந்தால்?"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்தக் கரையின் நண்டு சதை எடுக்கப்பட்டு, தகரத்தில் அடைக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போவது உண்மை. அக்காவின் ஒரே மகன் றெக்ஷன் அந்த நாட்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்வதும் உண்மை. தஞ்சம் கேட்டு அவன் போட்ட வழக்கு அங்கே ஒரு நீதிபதியின் முன்னால் வருடக்கணக்காகக் கிடப்பதும் உண்மை. மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டது மட்டும் அக்காவின் சொந்த வேலை.

ஆள் கட்டை. கவுணுக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துவாய் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வருவார். குரல் மட்டும் இரண்டு ஆளுக்குரியது. கணவர் கிறிஸ்தோப்பர் விடியும் முன்னர் கடலுக்குப் போய் வலையை இழுத்துவந்து கரையில் போடுவார். போட்டுவிட்டுப் பேசாமல் ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். வீட்டில் பேச்சு முழுவதையும் அக்கா எடுத்துக்கொண்டதால் அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பது ஊரின் கணக்கு.

நண்டு நிறுக்கிறவர் ஜெகதீஸ். புங்குடுதீவு ஆள். உடன்பிறந்தவர்கள் சுவிஸ், கனடா என்று போய்விட, பிடிவாதமாக இங்கேயே நின்றவர். இளமையில் சிவப்புக் கொடி பிடித்த பழக்கம். கொடி போய்விட்டது, வாய் போகவில்லை. தராசு அவர் கையில் இருப்பதால் அவர் பேச்சையும் எல்லோரும் கேட்டே ஆகவேண்டும். கரையில் காலையில் கூடையைத் தூக்கி வைத்ததும் அமெரிக்காவைத் தொடங்கிவிடுவார். உலகத்தில் எந்த மூலையில் வீடு எரிந்தாலும் நெருப்புப்பெட்டி அமெரிக்காவின் மடியில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி.

"குண்டில அவன்ர பேர் எழுதியிருக்கக்கா. ரிவியில வடிவாக் காட்டுறாங்கள்."

"எங்களுக்கு மேல விழுந்த குண்டில ஆற்ர பேர் எழுதியிருந்தது? அதையும் வாசிச்சுப் பாத்தனீரோ?"

"அதை விசாரிக்க வேணும் எண்டு ஜெனிவாவில தீர்மானம் கொண்டு வந்தான். பேந்து என்ன செய்தவன்? அந்தச் சபையே வேண்டாமெண்டு எழும்பிப் போட்டான்."

"கொண்டு வந்தவன்தானே எழும்பிப் போவான். மற்றவன் கொண்டு வரவே இல்லை, அவன் எங்கயிருந்து எழும்புறது?"

கூட்டம் சிரிக்கும். ஜெகதீசும் சிரித்துவிடுவார். நீதிமன்றப் படி ஏறாத அக்காவுக்கு 'அமெரிக்காவின் அப்புக்காத்து', அதாவது வக்கீல், என்று பட்டம் சூட்டியவரும் ஜெகதீஸ்தான். அக்கா அதற்குக் கோபிப்பதில்லை. "ஓம், நான் அப்புக்காத்துத்தான். நீர் அவனை ஏசிப்போட்டு அவனுக்கே நண்டு நிறுக்கிறீர். நான் ஒரு பக்கத்திலதான் நிக்கிறன்" என்பார்.

அமெரிக்கா இறக்குமதி வரியைக் கூட்டிய போது இந்தக் கரை வழக்கு சூடு பிடித்தது. அங்கே ஒருவர் மேசையில் இருந்து கையெழுத்துப் போட, இங்கே நண்டு விலை விழுந்தது. எங்கோ இருக்கிற வெள்ளைக்காரன் தங்கள் உலையில் கை வைத்துவிட்டான் என்று கரை முழுவதும் கொதித்தது. அன்று அக்கா தனியே நின்றார். "அவன் தன்ர நாட்டுக்கு வாற சாமானுக்கு வரி போடுறான். உன்ர வளவுக்குள்ள ஆரும் வந்தா நீ படலையைச் சாத்திறேல்லையே?" என்று கேட்டார். அவர் வீட்டிலும் விலை விழுந்த வலி இருந்தது. புது வலை வாங்குவதைக் கிறிஸ்தோப்பர் தள்ளிப் போட்டிருந்தார். ஆனால் பிள்ளை அந்த நாட்டுச் சோற்றைத் தின்கிறான். அந்தச் சோற்றை ஏசிய வாயாலேயே அவனுக்காகச் செபமாலை சொன்னால் மாதா எப்படிக் கேட்பா? அக்காவின் சட்டப் புத்தகம் இவ்வளவுதான்.

றெக்ஷன் போகும்போது மீசை சரியாக அரும்பவில்லை. இரண்டு தடவை ஆமிக்காரர் அவனை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள்; இரண்டாம் தடவை திரும்பி வந்தவன் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அதன் பிறகுதான் அக்கா தானே முன்நின்று அவனை அனுப்பினார். பேர் வாயில் நுழையாத நாடுகள், காடு, ஆறு, ஒரு மதில் என்று ஊர்ந்து போய்ச் சேர்ந்தான். இப்போது போனில் அவன் முகத்தைப் பார்க்கும்போது அக்கா அதிகம் பேசமாட்டார். தாடி வைத்த ஒரு பெரிய ஆள் 'அம்மா' என்று கூப்பிடுகிறார். அந்த ஆளுக்குள் தன் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தேடிக்கொண்டிருப்பார். அந்தத் தாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருக்கும். கண்ணாடித் தட்டில் விரலை வைத்தால் படம் பெரிதாகிவிடும், அவ்வளவுதான்.

பிறகு, அங்கே வந்தேறிகளைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஜெகதீசுக்கு அதுவும் ஒரு சாட்சி. "பாத்தீங்களே அக்கா? கோட்டு வாசல்ல வைச்சே பிடிக்கிறாங்களாம். விலங்கு போட்டுப் பிளேனில ஏத்துறாங்களாம். உங்கட கட்சிக்காரன் இப்ப என்ன சொல்லுறான்?"

"கள்ளப் பேப்பரோட நிக்கிறவையைத்தான் அனுப்புவாங்கள். என்ர பிள்ளை முறையாக் கேஸ் போட்டவன்" என்று அக்கா வெட்டினார். அன்றும் அவர்தான் வென்றார். ஆனால் வீட்டுக்கு வந்தவர் சோறு வைக்காமல் றெக்ஷனின் அறைக்குள் போனார். யன்னலைத் திறந்தார். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துக் கீழே கூட்டினார். கூரையில் ஓட்டை ஒன்று இருந்தது. கிறிஸ்தோப்பரைக் கூப்பிட்டு, "உந்த ஓட்டையை ஒருக்கா அடைச்சால் என்ன? மழை வரப் போகுது" என்றார். மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. கிறிஸ்தோப்பர் ஏணியை எடுத்துவந்தார். ஓட்டை அடைத்த பிறகு, தானாகவே அறைக்கு வெள்ளையும் அடித்தார். கரைப் பெடியள் வீட்டுக்கு வெள்ளை மாளிகை என்று பேர் வைத்தார்கள்.

அந்த ஞாயிறு அக்கா பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சுவாமியாரின் முன்னால் முழந்தாளில் நின்றார். "சுவாமி, பிள்ளையைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ எண்டு பயந்தனான். பேந்து, அனுப்பினாலும் நல்லம்தானே எண்டு நினைச்சுப் போட்டன். கட்டுநாயக்கா எயார்போட்டில இறங்கினவுடன பிடிச்சு விசாரிப்பாங்கள் எண்டு தெரியும். தெரிஞ்சும் நினைச்சனான். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும் நினைக்கிறன்." தாய் மனம் ஏங்குவது பாவமில்லை என்று சுவாமியார் சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவுக்கு அது போதவில்லை. பெரிய தண்டனையாக ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர், வெறுங்கையோடு திரும்பிய மாதிரி வந்தார்.

அன்றிலிருந்து கரையில் அவருடைய வாதம் இன்னும் உரத்தது. அமெரிக்கா எல்லோரையும் ஏற்கும் நாடு, இரக்கமுள்ள நாடு, ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பாத நாடு என்று அவர் அடித்துப் பேசும்போது, ஜெகதீசை வெல்வதற்காகப் பேசுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் வெல்லப் பார்த்தது தன் நெஞ்சுக்குள் கட்டிலை இழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை.

றெக்ஷனின் வழக்குக்குக் கடைசியாக நாள் குறித்தார்கள். அங்கே பகல் என்றால் இங்கே இருட்டு. அங்கே வழக்கு முடிந்து அவன் வேலைக்குப் போய் வர, இங்கே மற்ற நாள் விடிந்துவிடும். ஆகவே செய்தி கரைக்குத்தான் வந்தது. கூடைகள் தராசடியில் வரிசையில் இருந்தன. அக்காவின் கை நண்டும் பாசியுமாக இருந்ததால் பக்கத்தில் நின்ற அன்ரனிட்டா போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டிப் பிடித்தாள்.

"அம்மா, வெண்டிட்டன். ஜட்ஜ் ஓம் எண்டிட்டார். இனி ஒருத்தரும் என்னை அனுப்பேலாது."

கரை ஒரு தடவை கத்திற்று. தண்ணி நண்டு செருகிற பெண்களெல்லாம் ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள். கிறிஸ்தோப்பர் சுருட்டை எறிந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா "மாதாவே, மாதாவே" என்று அழுதார், சிரித்தார், நண்டுக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். அந்த மகிழ்ச்சியில் பொய் ஒரு துளியும் இல்லை. பிள்ளை தப்பிவிட்டான். இனி எவரும் அவனைக் கதிரையில் இருத்தி விசாரிக்க முடியாது.

அந்த ஆரவாரத்துக்குள்தான், வாய் தவறியது போல, "அப்ப மோனை, எப்ப வாறாய்?" என்று கேட்டுவிட்டார்.

"அம்மா... உங்களுக்குத் தெரியும்தானே. அங்க இருக்கப் பயம் எண்டு சொல்லித்தானே இதைக் கேட்டனான். நான் அங்க வந்தனெண்டா, பயமில்லை எண்டுதானே அர்த்தம்? தந்ததைப் பறிச்சுப் போடுவாங்கள். இஞ்சத்த பாஸ்போட் கையில வரட்டும். கன வருசம் செல்லும் அம்மா. பேந்து பாப்பம்."

"ஓமோம் மோனை. எனக்குத் தெரியும். சும்மா கேட்டனான். நீ போய்ச் சாப்பிடு."

அன்ரனிட்டா போனை அணைத்தாள். கூட்டம் மெல்ல விலகித் தத்தம் வலைகளுக்குப் போயிற்று. ஜெகதீஸ் மட்டும் தராசடியில் நின்றார். எத்தனையோ காலைகளாக விட்டுக்கொடுக்காதவர், அன்றைக்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று நினைத்திருப்பார் போல.

"அக்கா, நான் தோத்துப் போனன். உங்கட அமெரிக்கா நல்ல நாடுதான். எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கொள்ளுறன்."

கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். வலையை இழுத்து மடியில் போட்டார்.

"இல்லைத் தம்பி. நீர் சொல்லும்."

"என்னத்தை அக்கா?"

"அவங்களைப் பற்றித்தான். ஒவ்வொரு நாளும் சொல்லுவீரே, அதுகளைச் சொல்லும். ஒண்டும் விடாமச் சொல்லும்."

ஜெகதீஸ் கிறிஸ்தோப்பரைப் பார்த்தார். கிறிஸ்தோப்பர் மெல்லத் தலையசைத்தார். வேறு வழி தெரியாமல், தாழ்ந்த குரலில், ஜெகதீஸ் தொடங்கினார். அந்த நாடு போய் இறங்கிய ஊர்கள், போட்ட குண்டுகள், கவிழ்த்த ஆட்சிகள், கை கொடுப்பதாகச் சொல்லிப் பாதியில் விட்டுப்போன சனங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பழக்கத்தில் கொஞ்சம் நிறுத்தினார். வழக்கமாக அக்காவின் பதில் வந்து விழுகிற இடம் அது.

"பேந்து?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

அவர் தொடர்ந்து சொன்னார். அக்கா வலையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும், ஓம் ஓம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.