கம்பளிக்குள் பார்த்தது

என் மேசை டிராயரில் ஒரு பழுப்பு மூடி கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே ஐந்து துளைகள், பக்கவாட்டில் எறும்பு போன தடம்போல் கருகிய ஒரு கோடு. கார் இன்ஜினில், ஒரு துளை வழியே வரும் மின்பொறியைப் பங்கு பிரித்து மற்ற நாலின் வழியே நாலு பிளக்குக்கும் அனுப்புகிற டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடி அது. பிரசவம் பார்த்தே காலத்தைக் கழித்த எனக்கு இது எதற்கு என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அவருடைய பழைய காரில் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் பிரசவத்துக்குப் போவோம். ஓட்டியவரை டிரைவர் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். எனக்கோ அப்போது வாய் நீளம். தெரிந்தது, தெரியாதது எல்லாவற்றையும் பேசுவேன்.

ஒரு ஐப்பசியில் வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் இருமும், குலுங்கும், நின்றுவிடும். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அண்ணன் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார், பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார், பொறியை உண்டாக்கும் காயிலையும் மாற்றிப் பார்த்தார். பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறாரோ என்னவோ என்று நான் டாக்டரம்மாவிடம் போகிற போக்கில் சொல்லிவைத்தேன். மழை விட்ட ஒரு காலை, இலுப்பூர்ப் பக்கம் பிரசவத்துக்குப் போகும்போது வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. மாட்டு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல். திரும்பியதும் டாக்டரம்மா, திங்கட்கிழமையிலிருந்து வேறு டிரைவரை வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தூறலில், டாக்டரம்மாவையும் என்னையும் அண்ணன் கார் ஷெட்டுக்கு அழைத்தார். பொறி எங்கேயோ வழி மாறிப் போகிறது, வெளிச்சத்தில் அது தெரியாது என்றார். திறந்த பானெட்டின் மேல் கம்பளியைப் போர்த்தி, உள்ளே தலையைவிட்டுப் பார்க்கும்படி என்னிடம்தான் சொன்னார். மண்ணெண்ணெய்ப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. டாக்டரம்மா சாவியைத் திருப்பிவைக்க, அண்ணன் வண்டிக்கு முன்னால் நின்று, இன்ஜினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றினார்.

கம்பளிக்குள் கும்மிருட்டு. ஹேண்டில் சுற்றச் சுற்ற, இந்த மூடியின் பக்கவாட்டில் நீல நூல்போல் பொறி ஊர்ந்தது. அது ஊர்ந்தது ஒரு சந்தனப் பொட்டின் மேல். ஆயுத பூஜையன்று இன்ஜினுக்கும் இருக்கட்டுமே என்று விரல் நிறையக் குழைத்து அப்பியது நான்தான். மழை ஈரத்தைக் குடித்துக் குடித்து, பிளக்குக்குப் போக வேண்டிய பொறியை அந்தச் சந்தனம் பக்கத்து இரும்புக்கு இழுத்துக் கொடுத்திருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் என்னை யாரும் கேட்கப்போவதில்லை. அவர் மட்டும் நாளைக்கு வேலையில்லாமல் நிற்பார்.

"என்ன தெரியுதுங்க, நர்ஸம்மா?" என்றார் அவர்.

கம்பளியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "நான் வச்ச சந்தனம் தெரியுது, அண்ணே" என்றேன். மண்ணெண்ணெய்க் கதை என் வாய்க்கொழுப்பு என்பதையும் டாக்டரம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அண்ணன் குனிந்து பார்த்தார். "சாமிக்கு வச்சதாச்சேன்னு அதை மட்டும் தொடைக்காம விட்டேன். எம்மேலயும் தப்பு இருக்குங்க" என்றார். டாக்டரம்மா அவரிடம் நேராகவே மன்னிப்புக் கேட்டார். திருச்சியிலிருந்து புது மூடியும் புது ஒயர்களும் வந்தன. பிரசவ அறை ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு வெட்டி, சாரல் படாமல் அந்த மூடிக்கு நான் ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். கார்த்திகை முழுக்க அடைமழை. வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. யாரைப் பற்றியாவது சொல்ல வாயெடுத்தால் அந்தக் கம்பளி எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, அண்ணன் பழைய மூடியைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். "இதுக்கு எம்புட்டு வேணும்னாலும் வைங்க, நர்ஸம்மா" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு என் மகன் தன் புதுக் காருக்குப் பொட்டு வைத்தான். பானெட்டைத் திறக்க நான் விடவில்லை. உள்ளே போய் டிராயரிலிருந்து மூடியை எடுத்து, விரல் நிறையச் சந்தனம் அப்பினேன்.