குளியலறையில் தெளிந்த முகம்

என் மருமகள் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கேமராவில் எடுத்த படமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்து வீணாயின.

"தலையைச் சுத்தித் தூக்கிப் போடு," என்றான் என் மகன்.

"இன்னொரு தடவை கோடு விழட்டும், நானே போட்டுடறேன்," என்றாள். என்னைப் போலவே பிடிவாதக்காரி.

கேமராவுக்குள் சின்ன விளக்கை எரியவிட்டு அறையை இருட்டாக்கினாள். கேமராவின் முன்பக்கம் துருத்தி போல் நீளும் தோல் மடிப்பில் ஊசிமுனை வெளிச்சம் கசிந்தது; கோடு போட்ட ஓட்டை அதுதான். அங்கே கறுப்புத் துணி ஒட்டி, என்னைப் படமெடுத்தாள். பிறகு குளியலறையைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு படத்தைக் கழுவினாள், நானும் உள்ளேதான்.

"நான் அழுக்கோட ஆபீஸ் போகணுமா?" என்று கதவைத் தட்டினான் மகன்.

"ஒரு நாள் குளிக்காட்டி ஊர் நாறிடாதுடா," என்றேன்.

சிவப்பு விளக்கடியில், மருந்துத் தண்ணீரில் கிடந்த தாளில் என் முகம் மெல்ல எழுந்தது. என் சுருக்கங்களைத் தவிர ஒரு கோடும் இல்லை.

அவள் கதவைத் திறந்து, ஈரம் சொட்டும் படத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பார்த்தாச்சா? இப்ப போய்க் குளிங்க."