அக்கா புதைத்த மான் தலைகள்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அழுகை வரும் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன், கோபம்தான் வருகிறது. "மான் முட்டி செத்துட்டாங்களாமே" என்று துக்க வீட்டிலேயே சிலர் பேசியது என் காதில் விழுந்தது. நடந்ததைச் சொல்லாமல் அக்கா படத்துக்கு மாலை போட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பென்னலூரில் பிறந்தவர். அப்பா செங்கல் சூளையில் லோடு ஏற்றினார். அம்மா கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவி எங்களைப் படிக்க வைத்தார். விலங்கியல் படித்த அக்கா மான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். வெளிமாநிலத்தில் நல்ல வேலைகள் வந்தன. வல்லக்கோட்டைப் பக்கத்துக் காட்டுப் புள்ளிமான்களே போதும் என்று இங்கேயே இருந்துவிட்டார்.

கோடையில் ஏரித் தண்ணீருக்கு வரும் மான்களை நாய்க்கூட்டம் துரத்தும். உயிரோடு தொடையைப் பிய்க்கும். தப்பி ரோட்டுக்கு ஓடினால் கன்டெய்னர் லாரி. எந்த மான் செத்தாலும் அக்காவுக்கு போன் வரும். வனத்துறை அனுமதியோடு தலையை அறுத்து வந்து, சாக்கில் கட்டி, எங்கள் வீட்டுத் தோட்டத்தில் புதைப்பார். மண்ணும் பூச்சியும் சதையைத் தின்று முடித்ததும் தோண்டியெடுத்துப் பல்லைப் பார்ப்பார். பல் தேய்ந்திருப்பதை வைத்து மானின் வயதைச் சொல்லிவிடலாம்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு நாயே ஒரு தலையைத் தோண்டி இழுத்து வந்து மாப்பிள்ளையின் அம்மா காலடியில் போட்டது. கேசரித் தட்டைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அக்கா நாயை விரட்டிவிட்டு, தலையைக் கழுவி, பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் எளசுடா தம்பி. ஒண்ணுகூட வயசாகி சாவல. இந்த ஊர்ல ஒரு கெழட்டு மானையாவது நான் பாத்துடணும்" என்பார். அதுதான் அவர் ஆசை, வேண்டுதல் எல்லாம்.

ஏரிக்கரையை ஒட்டி ஒரு கிடங்கு வந்தது. அதற்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணில், கல்லாகவே மாறிப்போன காட்டு மாட்டின் பல் ஒன்றை அக்கா கண்டெடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இதுங்க இங்க நம்மளவிட சீனியர்டா" என்றார். கிடங்கைச் சுற்றி ஆளுயரத்துக்கு இரும்பு வேலி போட்டார்கள். கம்பி ஒவ்வொன்றின் உச்சியிலும் வேல் போலக் கூர் முனை. அந்தக் கோடையிலேயே, நாய் துரத்தித் தாவிய மான்கள் அதில் குத்திக்கொண்டு குடல் சரிந்து தொங்கின.

கிடங்கு மேனேஜரிடம் பேசுவது கல்லில் நார் உரிக்கும் வேலை. "திருடன் வந்தா இன்னாம்மா பண்றது? அதுவும் இல்லாம பாக்க அழகா கீது" என்றார்.

"முருகன் வேல் சூரனைத்தான் சார் குத்துச்சு. வள்ளியே மான் வயித்துல பொறந்தவ. நீங்க அவ சொந்தக்காரங்களைக் குத்திக்கினு இருக்கீங்க. முனையை மட்டும் அறுத்துடுங்க, வேலி அப்படியே இருக்கட்டும்" என்றார் அக்கா. மேனேஜர் சிரித்தார். வேலி அப்படியே இருந்தது, முனையோடு.

போன வருடம் ஒரு காலை. வெல்டிங் ஷிப்ட் முடிந்து வந்த என்னை, பேட்டரி கட்டிங் மெஷினையும் எடுக்கச் சொல்லி, அக்கா வண்டியில் இழுத்துக்கொண்டு ஓடினார். பெரிய கொம்புள்ள ஆண் மான் ஒன்று வயிற்றில் முனை ஏறி, உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது. கீழே நாய்கள் அதன் இரத்தத்தை நக்கின. கல்லால் அடித்து விரட்டினேன். அக்கா வேலியின் குறுக்குக் கம்பியில் ஏறி, துப்பட்டாவால் மானின் கண்ணை மூடி, தலையை நெஞ்சோடு கட்டிப் பிடித்தார். கண்ணை மூடினால் மான் அடங்கும். ஆனால் அது அடங்காமல் வாயைத் திறந்து அலறியது.

"அறுடா, சீக்கிரம் அறு!"

நான் மெஷினால் கம்பியை அறுத்தேன். கம்பி விட்டதும் மான் உதறியது. கொம்பு அக்காவின் விலாவுக்குக் கீழே இறங்கியது. இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். யாருடைய இரத்தம் என்று பிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுநாள் கண் விழித்த அக்கா, "மானு?" என்றார்.

"செத்துடுச்சிக்கா."

"தலையை எடுத்து வை. பல்லைப் பாரு" என்றார். பிறகு பேசவே இல்லை.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு, வனக்காவலர் எடுத்து வைத்திருந்த அந்த மானின் தலையைத் தோட்டத்தில் புதைத்தேன். தீட்டு வீட்டில் இதென்ன கூத்து என்று பெரியப்பா கத்தினார். அக்கா சொன்னது எனக்குப் பெரிது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, என்னோடு வெல்டிங் லைனில் வேலை செய்யும் திருநெல்வேலித் தோழர்கள் மெஷின்களோடு வந்து நின்றார்கள். "லீவு போட்டாச்சு அண்ணாச்சி. எங்கன அறுக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்கள். கிடங்கு வாசலில் மேனேஜர் எங்களைப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போனார். பொழுது சாய்வதற்குள் ஒரு முனை மிச்சமில்லை. அந்தத் தோழர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், அக்காவைத் தன் ஜீப்பில் தூக்கிப் போட்டு ஓட்டிய வனக்காவலருக்கும் எங்கள் குடும்பம் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் தலையைத் தோண்டியெடுத்தேன். அக்காவின் மாணவி ஒருவர் கழுவி, வெயிலில் வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணா, பல்லெல்லாம் ஈறு வரைக்கும் தேஞ்சி போயிருக்கு. இது ரொம்பக் கெழட்டு மான்" என்றார்.

அத்தனை நாய்க்கும் லாரிக்கும் தப்பி வயதான ஒரு மான். அது அலறியபோது அதன் வாய் அக்காவின் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் பார்த்துவிட்டார்.