ராஜாவுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

பிரான்ஸ் தேசத்து ராஜாவின் தலை என் கையால்தான் போனது என்று சிறுவயதில் கொஞ்ச நாள் நான் திடமாக நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். அந்த ராஜா அப்போது எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்களாவில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விடாமல் இருமிக்கொண்டு கிடந்தார்.

அப்பா கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்குக் காவலாக இருந்தார். கீழ்நாட்டில் இருந்த ஒரு பழைய ஜமீன் குடும்பத்தின் பங்களா அது. கோடையில் மட்டும் வருவார்கள், பிறகு போய்விடுவார்கள். மற்ற மாதங்களில் அந்தத் தோட்டமும் பேரிக்காய் மரங்களும் எங்களுடையவை போலத்தான். நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் அந்த வழக்கம் மாறியது. ஜமீன் பேரப்பிள்ளைக்கு நெஞ்சில் சளி, மலைக்காற்று பட்டால் தேறும் என்று எந்த டாக்டரோ சொல்லிவிட்டாராம். பையனும் அவனுடைய அத்தையும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். "இந்தக் குளிர்ல எந்த நெஞ்சு தேறும்?" என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்தாள். நடு வருஷத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லாததால், பையனை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே, என் வகுப்பிலேயே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். வீட்டில் அவனைச் சின்னய்யா என்று கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. வகுப்பில் அப்படிக் கூப்பிட்டால் மானம் போகும். அதனால் நான் அவனை எப்படியும் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினேன்.

எங்களுக்கு உலக சரித்திரம் எடுத்தவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு டீச்சர். புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் நாங்களே செய்து பார்க்க வேண்டும். எகிப்து பாடத்தின்போது தரையில் மண்ணைக் கொட்டி, வாளித் தண்ணீரைச் சாய்த்து, நைல் நதியைப் பெருகவிட்டார். பெருகிய நதி பக்கத்து வகுப்புக்குள் புகுந்து கணக்கு வாத்தியாரின் செருப்பை நனைத்தது. சீனத்துப் பெருஞ்சுவரை எங்கள் புத்தகப் பைகளால் கட்டினோம். படையெடுத்து வர ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஏவிவிட்டார், அவர்கள் நிஜமாகவே சுவரை மிதித்துத் துவைத்துவிட்டுப் போனார்கள். என் ஜாமெட்ரிப் பெட்டி அதில்தான் நசுங்கியது. ஆனாலும் அந்த டீச்சர் வரும் மணிக்காக நாங்கள் எல்லாரும் ஏங்கிக் கிடந்தோம்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ராஜாவைப் பிடித்துவிட்டார்கள், இனி அவனை என்ன செய்வது என்று ஜனங்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். வகுப்புத்தான் ஜனங்கள். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு பங்களாப் பையனிடம் மட்டுமே இருந்ததால் ராஜா வேஷம் அவனுக்குப் போனது. ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பேரிக்காய்ப் பெட்டிப் பலகையில் ஒரு வெட்டுக்கத்தியைப் பள்ளிக்கூடத்துப் பியூன் செய்து கொடுத்திருந்தார். நான் நீதிமன்றத்து எழுத்தர். கையைத் தூக்கினவர்களைக் கரும்பலகையில் குறிப்பது என் வேலை, எனக்கு ஓட்டு கிடையாது.

கொல்ல வேண்டும் என்று பாதி, வேண்டாம் என்று பாதி. சரிசமம். மறுபடி கைதூக்கச் சொன்னார் டீச்சர். மறுபடியும் சரிசமம். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியையிடமிருந்து ஆள் வந்து அவரைக் கூப்பிட்டது.

"பிள்ளைகளா, நான் வாறதுக்குள்ள நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வரணும், என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சாவது! பெஞ்சின் மேல் ஏறிக் கத்தல்தான் நடந்தது. அப்போது பழனி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்தவரின் மகன் எழுந்து நின்றான். தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிக்க வந்தவன். "ஏலே, எதுக்குலே கத்துறீங்க? பூக்கட்டிப் பாத்தா முடிஞ்சு போச்சு" என்றான்.

வகுப்பு அடங்கிவிட்டது. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, எந்தப் பக்கமும் சேராத ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணம், வீடு வாங்குவது, ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் அப்படித்தான் முடிவாகும். என் சித்தியின் கல்யாணம் சிவப்புப் பூ வந்ததால்தான் நின்றது. மாப்பிள்ளை நல்லவர், சித்தி மூன்று நாள் அழுதாள், ஆனாலும் வந்த பூவை ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

பள்ளிக்கூடத் தோட்டத்தில் டேலியாப் பூ இரண்டு நிறத்திலும் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் முருகன் படத்துக்கு எங்கே போக? பூக்கடை மகன் தன் பையிலிருந்து பழனி விபூதிப் பொட்டலத்தை எடுத்தான். மேஜையில் விரித்திருந்த உலகப் படத்தில், பிரான்ஸ் தேசத்தின் மேல் அதை வைத்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு இலைப் பொட்டலங்கள். சிவப்பு வந்தால் தலை போகும், வெள்ளை வந்தால் பிழைத்தான்.

ராஜாவை விட்டால் ஓட்டு இல்லாதவள் நான் ஒருத்திதான். என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டி ஒன்றை எடுத்தேன்.

சிவப்பு.

ஒரு பாதி ஹோவென்று கத்தியது. நான் ராஜாவைப் பார்த்தேன். அவன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. "சாமி சொல்லிருச்சுல்ல" என்றான், ரொம்ப மெதுவாக. டீச்சர் திரும்பி வந்து முடிவு என்ன என்று கேட்டார். "தலையை வெட்டணும் டீச்சர்" என்று கூட்டமாகச் சொன்னார்கள். எப்படி முடிவானது என்று அவர் கேட்கவில்லை. நடந்த சரித்திரமும் அதுவே என்பதில் அவருக்குப் பரம சந்தோஷம். பலகை இறங்கியது, கிரீடம் உருண்டது, எல்லாரும் கைதட்டினோம்.

மாலையில் அவனும் நானும் ஒரே பாதையில் நடந்தோம். மழை பிடித்துக்கொண்டது. பங்களாக் கேட் வந்ததும் அவன் நின்று, "அது நெஜமாவா?" என்று கேட்டான்.

"நாடகந்தான்" என்றேன்.

"பூவுமா?"

மழையைச் சாக்காக வைத்து வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. காய்ச்சல். அப்பா டாக்டரைக் கூட்டிவர ஓடினார். பங்களா ஜன்னலில் பகலிலேயே விளக்கு எரிந்தது. அவன் இருமுவது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் காதைப் பொத்திக்கொண்டேன். இருமல் நின்றாலோ அதைவிட மோசம், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த இருமலுக்காகக் காத்திருப்பேன்.

பூக்கடை மகனிடம் போய்க் கேட்டேன். அவனும் பயந்துதான் போயிருந்தான், ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. "சாமி சொன்னதுக்கு அப்பீல் கெடையாது புள்ள" என்றான். டீச்சரிடம் போனேன். ராஜாவுக்கு வந்த தீர்ப்பைப் பிறகு மாற்ற முடியுமா என்று கேட்டேன். பாடத்தில் எனக்கு இவ்வளவு ஈடுபாடா என்று அவர் பூரித்துப்போய் என் தலையைத் தடவினார். "மாத்த முடியாதும்மா. சரித்திரத்துல நடந்தது நடந்ததுதான்." பிற்காலத்தில் நானும் சரித்திர டீச்சராகி, நைல் நதியைப் பல வகுப்புகளில் பெருகவிட்டேன். ஆனால் ஒரு ராஜாவைக்கூட வெட்டவிட்டதில்லை.

விறகுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாகப் போய் மறுபடி பூக்கட்டிப் பார்க்க நினைத்தேன். மறுபடியும் சிவப்பே வந்துவிட்டால்? அந்தப் பயத்தில் இரண்டு இலையிலும் வெள்ளையையே மடித்துப் போட்டு எடுத்தேன். வெள்ளைதான் வந்தது, வராமல் என்ன செய்யும்! எடுத்த பிறகுதான், சாமியையே ஏமாற்றப் பார்த்திருக்கிறோம் என்று உறைத்தது. இலையையும் பூவையும் விறகுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவந்தேன்.

அன்றிலிருந்து என் வலது கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பாவாடை மடிப்புக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டில் இடது கையை வைத்தேன். "என்னடி பீடை பிடிச்ச பழக்கம்?" என்று அம்மா மண்டையில் குட்டினாள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவர் பங்களாக் கணப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. அப்பா கோடாலியைக் கீழே வைத்தார்.

"எந்தக் கையில எடுத்த, ஆத்தா?"

காட்டினேன். வாங்கிப் பார்த்தார், முள் குத்தின இடத்தைத் தேடுவதுபோல.

"பங்களா அத்தைம்மாகிட்டச் சொல்லிராதீங்கப்பா."

"ஆமா, எனக்கு வேற சோலி இல்ல. போ, போயி வெரசாச் சாப்பிடு. சோத்துக் கையில சாப்பிடணும், தெரியுதா?"

காய்ச்சல் மெல்ல இறங்கியது. பழனிக்கு முடி கொடுப்பதாக அத்தைம்மாள் முன்பே வேண்டியிருந்தாராம். பையன் எழுந்து நடமாடியதும் ஒரு நாள் வெள்ளனே பங்களாக் கார் கீழே இறங்கியது. கூடமாட ஒத்தாசைக்கு அப்பாவும் போனார்.

அவர்கள் திரும்பும்வரை வாசலிலேயே கிடந்தேன். முதலில் இறங்கியது ராஜாதான். மழமழவென்று மொட்டை, அதில் சந்தனம். பஞ்சாமிர்த டப்பாவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. உயிரோடு இருக்கிறான்!

அப்புறம் அப்பா இறங்கினார். தலைத்துண்டை அவிழ்த்தார். அவருக்கும் மொட்டை.

அப்பாவுக்கு இருந்த ஒரே டாம்பீகம் அவருடைய முடிதான். சுருட்டை முடி. காவல்காரர் உத்தியோகத்திலும் சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்த மனிதர். என் சந்தோஷமெல்லாம் போய் ஆத்திரம் பொங்கியது. பங்களாப் பிள்ளை மொட்டை போட்டால் காவல்காரனும் போட வேண்டுமா? இப்படியும் ஒரு அடிமைத்தனமா? ராஜாக்களை என்ன செய்தார்கள் என்று படித்தவள் அல்லவா நான்! அம்மா அவர் தலையைப் பார்த்தாள். என்னையும் ஒருமுறை பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் அவமானமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அவுக வீட்டுப் பிள்ளைக்கு நீங்க எதுக்குப்பா மொட்டை போட்டீங்க?"

"வேண்டிக்கிட்டேன்" என்றார்.

யாருக்காக என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா மடியிலிருந்து விபூதியை எடுத்தார். நெற்றியைக் காட்டினேன். அவர் நெற்றியில் பூசவில்லை. என் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையிலும் விரல் இடுக்குகளிலும் நிதானமாகத் தேய்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி மூடினார். பிரசாதத்தை ஒழுங்காகக் கொடுக்கக்கூடத் தெரியவில்லையே என்ற எரிச்சலில், அவ்வளவையும் நக்கித் தின்றுவிட்டு, இரண்டு நாள் அவரோடு நான் பேசவே இல்லை.