தரைக்கு முதுகுவலி

ஒரு பெண் சிரித்துச் சிரித்து மயங்கி விழுந்துவிட்டாளாம். தியேட்டரிலிருந்து நாலு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்களாம். படம் வந்த வாரமே இந்தப் பேச்சு டப்பிங் ஸ்டூடியோவின் டீ மேசைவரை வந்துவிட்டது. வந்து சேர்வதற்குள் நாலு பேர் எட்டுப் பேராகி, ஒரு ஆம்புலன்ஸும் கூடச் சேர்ந்துகொண்டது.

கேட்டவர்களில் அதிகம் பூரித்துப்போனவர் உதட்டுக்காரர். வேற்றுமொழி சூப்பர் ஹீரோ படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது அவர் பிழைப்பு. நடிகரின் உதடு ஒட்டும் இடத்தில் ஒரு 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும்; வாய் பிளக்கும் இடத்தில் 'ஆ' வர வேண்டும். வருஷக்கணக்கில் அடுத்தவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை என்று அவர் மனைவிக்கே ஒரு புகார் உண்டு.

முகமூடிக் காட்சி வந்தால் மட்டும் அவருக்குக் கொண்டாட்டம். வாய் தெரியாது. நாயகன் பெருமூச்சு விட்டாலும் அதன் தலையில் ஒரு வசனத்தை ஏற்றிவிடலாம். படத்தை வாங்கி வெளியிடும் முதலாளியோ ஒரே ஒரு கொள்கை உள்ளவர். "சாவு இருக்கட்டும்யா, நான் வேண்டாங்கல. ஆனா எவனும் பாப்கார்னைக் கீழ வெச்சுடக் கூடாது" என்பார். ஆகவே படத்தில் எங்கே இருட்டுக் கவிந்தாலும் உதட்டுக்காரர் அங்கே ஒரு சிரிப்பைக் கொளுத்திப் போடுவார்.

இந்தப் படத்தில் நாயகனின் அண்ணன் இடிபாட்டுக்குள் கிடந்து சாகிறான். முகமூடி போட்ட நாயகன் மண்டியிட்டு அவன் தலையை மடியில் தூக்கி வைக்கிறான். உதட்டுக்காரர் எழுதினார்: "இப்படியே படுத்திருந்தா தரைக்கு முதுகு வலிக்கப்போகுது, எழுந்திருண்ணே!"

முதலாளி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வசனம் போஸ்டரிலேயே ஏறியது.

மயங்கிய கதை உண்மையென்றால் அடுத்த போஸ்டருக்கு அதுவும் ஆகுமே! உதட்டுக்காரர் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அந்தத் தியேட்டருக்கே போய், டிக்கெட் கிழிப்பவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"மயக்கமா? எவன் சார் சொன்னது? நல்லா நடந்துதான் வந்தாங்க."

"சிரிச்சுக்கிட்டா?"

"சிரிச்சதெல்லாம் உள்ள உக்காந்திருந்தவங்க. இந்தம்மா அந்த முதுகுவலி வசனம் வந்ததும் எழுந்துட்டாங்க. செருப்பைக்கூடச் சரியா மாட்டல. தண்ணி குடுத்தேன், வேண்டாம்னாங்க. 'இதை எழுதினது என் தம்பி'ன்னாங்க." அவர் கொஞ்சம் யோசித்தார். "பெருமையாச் சொன்ன மாதிரி தெரியல சார்."

அக்காவுக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்ததே உதட்டுக்காரர்தான். 'என் வேலையை வந்து பாருக்கா' என்று.

அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று எழுதினால் அவருக்குச் சௌகரியமாக இருக்கும். அப்படியில்லை. எழுதும்போதே தெரியும். போன வருஷம் ஆஸ்பத்திரியில், அத்தானின் கடைசி நாளில், அக்கா அவர் நெற்றியைத் துடைத்தபடி சொன்னாள்: "இப்படியே படுத்திருந்தா கட்டிலுக்கு முதுகு வலிக்கப்போகுது, எழுந்திருங்க." பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே கையோடு வரியை மனசுக்குள் எடுத்தும் வைத்துக்கொண்டார். கட்டிலைத் தரையாக்கியது மட்டும்தான் அவர் கற்பனை.

மறுநாள் காலை முதலாளியிடம் போய் நின்றார்.

"அந்த வரியை எடுத்துடலாங்க."

"எதை? முதுகுவலியையா? வழியில வர்ற பசங்கெல்லாம் அதைத்தான்யா சொல்லிக்கிட்டுத் திரியுதுங்க! உனக்கென்ன, நல்ல பேரு வந்தா ஆகாதா?"

வெறுங்கையோடுதான் அக்காவின் கடைக்குப் போனார். துணி ஆல்ட்டர் செய்யும் சின்னக் கடை. அக்கா யாருடைய பேன்ட்டையோ மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். மிச்ச ஊசிகளை உதட்டில் கவ்வியிருந்தாள். அந்த வாயிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. ஊசியெல்லாம் தீரும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"வா. சாப்பிட்டியா?" என்றாள் அக்கா. "பக்கத்து சீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாருடா."

"அக்கா, அது வந்து..."

"ஜோக்கு சொன்னது தப்புன்னு நான் சொல்லல. நான்தானே சொன்னேன். அவர் பயந்து கிடந்தார். சிரிக்கட்டுமேன்னு சொன்னேன், சிரிச்சார். உன் படத்துல கீழ கிடக்கிறானே, அவன் சிரிச்சானா?"

உதட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். அந்தக் காட்சியை எத்தனையோ முறை ஓட்டி ஓட்டிப் பார்த்தவர். ஆனால் சாகிறவனுக்கு வசனம் இல்லை. வசனம் இல்லாததால் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"தெரியலக்கா."

"நிஜத்துல அந்த முகமூடிக்காரன் என்னதான் சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. மூச்சு மட்டும் கேக்கும்."

அக்கா பேன்ட்டைத் திருப்பிப் போட்டாள். அடுத்த காலை மடித்தாள்.

"அதை எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டு. அது எப்படி இருந்துச்சோ அப்படியே. நீயும் கூட உக்காரணும்."

"சரிக்கா. இந்த வாரமே."

அந்த வாரம் போய், படமும் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. மூலப் பிரதி ஸ்டூடியோவில் பத்திரமாக இருக்கிறது. எப்போது கேட்டாலும் போட்டுத் தருகிறேன் என்று ஒலிப்பதிவாளரும் சொல்லிவிட்டார். அக்கா ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். பிறகு இன்னொரு முறை. ஸ்டூடியோவில் அறை காலியில்லை என்கிறார் உதட்டுக்காரர்.

அறை காலியாகத்தான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டை அவர் தினமும் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.