பக்தனுக்கு ரத்தம் துடைத்த காலம்

கூண்டுச் சண்டையில் மூலையாள் என்று ஒருவன் இருப்பான். சுற்று நடக்கிற ஐந்து நிமிடமும் கையைப் பிசைந்துகொண்டு நின்று, இடைவேளையில் ஒரு நிமிடம் மட்டும் வேலை செய்து, அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு கிழமை நித்திரையைத் தொலைப்பவன் அவன்தான். தண்ணீர் கொடுப்பது, ஐஸ் வைப்பது, வெட்டுக்காயத்தை அடைப்பது, தோற்றுப்போனால் நடுவருக்குக் கண் தெரியாது என்று சொல்வது, எல்லாம் அவன் பொறுப்பு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் நான் அந்த வேலை பார்த்தேன். விரும்பிப் போனேனா என்று கேட்காதீர்கள். நீங்களும் அந்தக் காலத்தில் இங்கே வந்து இறங்கியவர்கள்தானே. கணக்காளர் பிட்சா சுட்டார். கணித வாத்தியார் கார்த் தரிப்பிடக் கொட்டிலுக்குள் குந்தியிருந்தார். எனக்கு ஒரு உக்ரேனியனின் புருவம் கிடைத்தது.

இப்போது அந்தச் சண்டையைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், கலப்புத் தற்காப்புக் கலை என்று மரியாதையாகப் பெயரும் வைத்துவிட்டார்கள். அப்போது பெயரே கிடையாது. வேலையிடத்தில் யாராவது கேட்டால் "ஒருவகை விளையாட்டு" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றுவேன்.

வேலைக்கு எடுத்த விதம்

நாங்கள் இருவரும் ஸ்காபரோவில் ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவன் பெயர் பொஹ்தான். உக்ரேனில் சின்ன வயதிலிருந்தே மல்யுத்தம் பழகியவன். நாங்கள் இரண்டு பேர் பிடித்தும் தள்ளாடுகிற கண்ணாடிச் சட்டத்தை அவன் தலையணை தூக்குவதுபோலத் தூக்குவான். அவனுடைய ஆங்கிலத்தையும் என்னுடைய ஆங்கிலத்தையும் சேர்த்தால்தான் ஒரு ஆளுக்குப் போதுமான ஆங்கிலம் வரும். ஆகவே அவன் சொன்னதையெல்லாம் எனக்கு விளங்கிய அளவில் தமிழில் தருகிறேன்.

ஒரு நாள் கண்ணாடி விளிம்பு அவன் விரலைக் கீறிவிட்டது. ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. அவனும் அதை எட்டிப் பார்த்தான். அடுத்த கணம் நூறு கிலோ மனிதன் நிலத்தில் மல்லாந்து கிடந்தான். மேற்பார்வையாளர் அம்புலன்ஸைக் கூப்பிட ஓடினார். நான் கொழும்பில் ஒரு டிஸ்பென்சரியில் இரண்டு வருடம் காயங்களுக்குக் கட்டுப் போட்டவன். அந்தப் பழக்கத்தில் பக்கத்தில் குந்தி, விரலைத் துடைத்துச் சுற்றிவிட்டேன்.

அவன் கண்ணைத் திறந்தான். படுத்தபடியே விளக்கம் சொன்னான். பகுதிநேரத்தில் தான் ஒரு சண்டைக்காரனாம். மற்றவனின் ரத்தம் ஒரு வாளி ஓடினாலும் தனக்கு ஒன்றுமில்லையாம். தன்னுடையது ஒரு துளி கண்ணில் பட்டால் போதுமாம், விழுந்துவிடுவானாம். அதைத் தான் காணமுதல் துடைப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமாம். பிறகு கட்டுப் போட்ட விரலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"நல்ல கட்டு. சனிக்கிழமை உனக்கு வேலையா?"

குப்பைப் பை

பொஹ்தான் என்ற பெயர் என் மனைவி ஜெயந்தியின் காதில் முதல் தரமே பக்தன் என்றுதான் விழுந்தது. நான் எவ்வளவு திருத்தியும் பயனில்லை. மோர்னிங்சைட்டில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் அவன் பக்தன்தான். அவனுக்கும் பிடித்துவிட்டது. அவனுடைய மொழியில் அந்தப் பெயருக்குக் கடவுள் தந்தவன் என்று பொருளாம். சனம் எப்படியோ கிட்டத்தட்டச் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்றான்.

முதல் சண்டைக்கு முதல்நாள் மத்தியானம் ஒத்துக்கொண்ட எடையைவிட அவனுக்கு இரண்டு கிலோ கூட. வியர்த்துத்தான் இறக்கவேண்டும். அவன் இருந்த நிலவறையில் சுடுதண்ணீர் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால் எங்கள் வீட்டுக்கு வந்தான். பெரிய கறுப்புக் குப்பைப் பைகளில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி உடுத்துக்கொண்டான். குளியலறைக்குள் போய், சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு ஆவிக்குள் நின்றான். ஜெயந்தி குசினியில் நின்றாள். நான் எடை பார்க்கிற மெஷின் ஒன்றை இரவல் வாங்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.

அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அன்ரி வழமைபோலக் கதவைத் தட்டாமல் வந்திருக்கிறார். கோயிலுக்குப் போய்வந்த களைப்பு. முகம் கழுவலாம் என்று நேரே குளியலறைக் கதவைத் திறந்திருக்கிறார். நான் திரும்பி வரும்போது அன்ரி சுவரோடு ஒட்டிக்கொண்டு குசினிப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்:

"பிள்ளை ஜெயந்தி! உங்கடை பாத்ரூமுக்குள்ளை ஒரு குப்பைப் பை நிண்டு எனக்கு ஹலோ சொல்லுது!"

ஒருவர் காத்திருக்கிறார்

ஒன்ராறியோவில் அப்போது இந்தச் சண்டைக்கு அனுமதி இல்லை. ஆகவே கியூபெக் பக்கம் ஆறு மணித்தியாலம் ஓடவேண்டும். சும்மா அடிபடுவதற்குத் தெரு போதும். ஒழுங்காக அடிபடுவதென்றால் மாகாணம் தாண்டவேண்டும். பிந்திவிடுமோ என்ற பயத்தில் நான் என் பழைய வானைக் கொஞ்சம் விரட்டிவிட்டேன். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு வாளி, ஒரு மூட்டை ஐஸ், பத்துத் துவாய், பெரிய போத்தல் வாசலின், கத்தரிக்கோல், மூக்குக் கோணிப்போன ஒரு மனிதன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நான் "ஒருவகை விளையாட்டு" என்று தொடங்கமுதல், பொய் சொல்லத் தெரியாத பொஹ்தான் ஜன்னலைக் கீழே இறக்கி, "ஒரு மனிதர் காத்துக்கொண்டு இருக்கிறார். நான் போய் அவரை அடிக்கவேண்டும்" என்றான். பொலிஸ்காரரின் கை இடுப்புப் பட்டிக்குப் போயிற்று. நீங்கள் வருவது அந்த மனிதருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், ஆறு கிழமையாக ஆயத்தம் செய்கிறார், ஐந்நூறு பேர் பார்க்க வருகிறார்கள் என்றான் இவன். நான் அவசரமாகச் சண்டை நோட்டீசை எடுத்து நீட்டினேன். அவர் நோட்டீசைப் பார்த்தார். அவனுடைய மூக்கைப் பார்த்தார். எனக்கு அபராதச் சீட்டை எழுதி நீட்டிவிட்டுச் சொன்னார்:

"அவரிடம் போய்ச் சேரும்வரைக்காவது யாரையும் காயப்படுத்தாமல் ஓட்டுங்கள்."

காப்புறுதி

யூனியன்வில்லில் இருந்த என் நண்பர் குணம் ஆயுள் காப்புறுதி விற்பவர். வீட்டுக்கு வந்தால் யாரையாவது காப்புறுதிக்கு எழுதாமல் போகமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பக்தனைக் கண்டதும் அவருக்குக் கண் மலர்ந்தது. நல்ல தேகம், சிகரெட் இல்லை, குடி இல்லை. உடனே படிவத்தை விரித்தார்.

ஆபத்தான பொழுதுபோக்கு ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. பக்தன் நன்றாக யோசித்து, மீன் பிடிப்பதுண்டு, ஒருமுறை தூண்டில் குத்தியது என்றான். குணம் சிரித்துக்கொண்டு அதையும் எழுதினார். அடுத்து தொழில். ஜன்னல் என்றான். வேறு? கூண்டுக்குள் அடைத்துப் பூட்டுவார்கள், ஒரு ஆள் உதைப்பான், தலையால் முட்டுவான், கழுத்தை நெரிப்பான், நானும் அப்படியே செய்வேன் என்று அமைதியாகச் சொன்னான். குணம் பேனாவை மூடினார். ஆனால் படிவத்தைக் கிழிக்கவில்லை. என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார்:

"உவருக்கு வேண்டாம் அண்ணை. உவர் அடிக்கப்போற ஆக்களின்ரை ஃபோன் நம்பர் ஏதும் இருக்கோ?"

ஆறு சொல்

பக்தனுக்குப் பயிற்சியாளர் என்று தனியாக ஒருவரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும்தான். மூன்றாவது சண்டைக்கு வந்த எதிராளி இன்னொரு உக்ரேனியன். அவனுடைய மூலையில் நின்றவர்களுக்கு உக்ரேனிய மொழியும் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரியும். நான் மூலையிலிருந்து எதைக் கத்தினாலும் அவர்களுக்கு விளங்கிவிடும். அப்படியென்றால் தமிழில் கத்து என்றான் பக்தன்.

ஆறு சொல் படிப்பித்தேன். பிடி, அமத்து, உருளு, எழும்பு, மூடு, விடாதை. இரண்டு கிழமை ஜன்னல் ஏற்றும்போதெல்லாம் நான் கத்த, அவன் செய்து காட்டினான். என்னைவிட அவன் கெட்டிக்காரன். அவன் "அமத்து" என்று சொன்னால் பருத்தித்துறை ஆள் சொல்வதுபோலவே இருக்கும். சண்டை நேரம் சனத்தின் சத்தத்தில் குழம்பக்கூடாது, என் குரலைத் தவிர வேறொன்றையும் கேட்கக்கூடாது என்றும் சொல்லி வைத்தேன். கடவுளே, அதை ஏன் சொன்னேன்!

மூன்றாவது நிமிடத்தில் எதிராளியின் கையை மடக்கிப் பிடித்துவிட்டான். நான் "விடாதை! விடாதை!" என்று கத்தினேன். எதிராளி மற்றக் கையால் தரையைத் தட்டினான். தோல்வியை ஏற்றுக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம். நடுவர் பாய்ந்து வந்து பக்தனை இழுத்தார். பக்தன் என்னைப் பார்த்தான். "விடு! விடு!" என்று கத்தினேன். விடு என்ற சொல்லை அவன் வாழ்க்கையில் கேட்டதில்லை. சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை என்று நினைத்து, தலையை ஆட்டிவிட்டு இன்னும் இறுக்கினான். நான் கத்தக் கத்த இறுக்கினான். நடுவர் அவன் முதுகில் ஏறி இருந்துவிட்டார். கடைசியில் ஐஸ் வாளியைத் தூக்கி மூன்று பேருக்கும் மேலே கவிழ்த்தேன். அப்போதுதான் விட்டான்.

எப்படியோ வெற்றி எங்களுக்குத்தான். எதிராளியின் கையும் தப்பியது. நான் வெறும் வாளியோடு நிற்கையில், மண்டபத்தில் கோப்பி விற்கிற ஒருவர் ஒரு கோப்பையை என் கையில் வைத்தார். தமிழ்ச் சத்தம் கேட்டு ஓடி வந்தவராம். இஸ்மாயில் காக்கா, அவர்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன், அக்கரைப்பற்று ஆள். என்னையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஆறு சொல்லு படிச்சுக் குடுத்திரிக்கீங்க, அதுல ஒண்டு 'உடு'ண்டு இரிக்கப்படாதா?"

யப்பானிலிருந்து வந்தவர்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கம்.

ஐந்தாவது சண்டைக்கு யப்பானிலிருந்து ஒருவர் வந்து முன்வரிசையில் இருந்தார். அங்கே இந்தச் சண்டைக்குப் பெரிய அரங்குகள் உண்டு. வெல்பவனை அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் கதைத்தார்கள். பக்தன் அந்த இரண்டு மாதமும் பாணும் முட்டையும் சாப்பிட்டு, தொழிற்சாலைக்கு ஓடியே வந்து ஓடியே போனான். யப்பானுக்குப் போனால் ஜன்னல் வேலையை விட்டுவிடலாம், உக்ரேனில் இருக்கிற மனைவியையும் கெதியாகக் கூப்பிடலாம்.

முதல் சுற்று முழுக்க அவனுடையதுதான். கடைசிச் செக்கனில் எதிராளியின் முழங்கை பட்டுப் புருவம் பிளந்தது. எனக்கு இருந்தது ஒரு நிமிடம். துவாயால் கண்ணை மூடி, வாசலினை அப்பி, அமத்திப் பிடித்தேன். நின்றுவிட்டது. ஆனால் ஒரு சொட்டு எப்படியோ அவன் தொடையில் விழுந்துவிட்டது. அவன் அதைக் கண்டுவிட்டான். முகம் வெளிறியது. "இது யாருடைய ரத்தம்?" என்று கேட்டான்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "அவனுடையது" என்று சொன்னேன். முகத்தில் நிறம் திரும்பி வந்தது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டாவது, அதாவது கடைசிச் சுற்றில் அவன் ஒரு குத்துக்கூட விடவில்லை. எதிராளியைக் கட்டிப்பிடித்து மெல்லமாகக் கீழே படுக்கவைத்து, காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவன் கீழே கிடந்தபடியே குத்திக் குத்தி, முதல் சுற்றில் இழந்ததற்கும் மேலாகப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டான். முடிவில் நடுவர் மற்றவனின் கையை உயர்த்தினார். யப்பான்காரர் அவனுக்குத்தான் கைகொடுத்தார்.

உடுப்பு மாற்றும் அறையில் நான் உண்மையைச் சொன்னேன். பக்தன் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினான். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அவனுக்கு ஒன்றுமில்லைத்தானே?" என்று மட்டும் கேட்டான். மற்றவனின் ரத்தத்துக்கு அவன் மயங்கமாட்டான், ஆனால் காயப்பட்டவனை மேலும் அடிக்கவும் மாட்டான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்போது வென்றவனே கதவைத் திறந்துகொண்டு வந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. என்னிடம் சொன்னான்:

"இவர் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து தரம் 'நோகுதா நண்பா' என்று கேட்டார். என் வாழ்க்கையில் நான் இப்படிப் பயந்ததில்லை."

ஹலினா

பக்தனின் மனைவி ஹலினா அடுத்த வசந்தத்தில் வந்து சேர்ந்தாள். புருஷன் சண்டை பிடிக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அடிபட்டு அடிபட்டு முட்டைக்கோவா மாதிரித் திரண்டு கிடந்த அவன் காதைப் பார்த்துக் கேட்டபோது, கனடாக் குளிருக்கு வீங்கியது என்று சொல்லியிருக்கிறான். பொய் சொல்லப் பழகிவிட்டான். என்னிடமிருந்துதான்.

வந்து இரண்டாம் கிழமை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். பேச ஒரு மொழியும் பொதுவாக இல்லாததால், ஜெயந்தி நல்லெண்ணத்தில் நான் வாங்கி வைத்திருந்த ஒரு வீடியோ கசெட்டைப் போட்டுவிட்டாள். யப்பான்காரர் பார்த்த சண்டை. பக்தன் இடியப்பத்தைக் கையில் வைத்தபடி உறைந்துபோனான். நான் கதவுக்குக் கிட்ட நகர்ந்தேன். ஹலினா கதிரையைத் தொலைக்காட்சிக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். முடிந்ததும் கசெட்டைத் திருப்பி ஓடவிட்டு இரண்டாம் முறையும் பார்த்தாள். மூன்றாம் முறை நடுவில் நிறுத்தினாள். எழும்பி வந்து, புருஷனின் இடது கையைப் பிடித்துத் தாடைக்குக் காவலாக உயர்த்தி வைத்து, அதட்டினாள். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அவளுடைய தகப்பன் மல்யுத்தப் பயிற்சியாளராம். நாலு வயதிலிருந்து மல்யுத்தக் கூடத்தில் வளர்ந்தவளாம்.

அதன்பிறகு அவன் மூன்று சண்டை பிடித்தான், இரண்டில் வென்றான். மூலையில் ஹலினா நின்றாள். புருவம் கிழிந்தபோது பொய்யெல்லாம் சொல்லவில்லையாம். கண்ணை மூடு என்று ஒரு அதட்டல், அவ்வளவுதான். பிறகு அவனுடைய முழங்கால் விட்டுவிட்டது. இப்போது இருவரும் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் படிப்பிக்கிறார்கள். யப்பானைப் பற்றி அவன் ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

அன்று விருந்து முடிந்து போகும்போது ஹலினா என் கையைப் பிடித்து நீளமாக ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்கச் சொன்னேன். பக்தன் நெளிந்தான். பிறகு சொன்னான்:

"நீ மிகவும் நல்ல மனிதனாம். ஆனால் மூன்று தரம் பார்த்துவிட்டாளாம், ஒவ்வொரு முறையும் தண்ணீரை என் மூக்குக்குள்தான் ஊற்றுகிறாயாம்."

ஐந்து சண்டைக்குப் போய், ஒரு அடியும் வாங்காமல், ஒரு அடியும் கொடுக்காமல், ஒன்றை மட்டும் ஒரேயொரு பொய்யால் தனியாக நின்று தோற்ற ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.